கண்மாயும் வேணும், கம்பெனியும் வேணும்: செட்டிநாட்டு ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களில் நிலத்தைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. எங்கே ரோடு வரும், எங்கே கம்பெனி வரும், யார் நிலம் என்ன விலைக்குப் போகும் என்று டீக்கடையில் தினமும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் நடுவே யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுகிறார்: "சரி, நம்ம கண்மாய் என்னப்பா ஆகும்?"

நான் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்) விவசாயி வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பிரச்சினைக்காகத் தாலுகா ஆபீசுக்கும் கிராம சபைக்கும் பல வருஷம் நடந்திருக்கிறேன். அப்படி நடந்தபோது கற்றுக்கொண்டதையும், ஊர்க்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாடு வறண்ட பூமி. இங்கே ஏது ஈரநிலம்?

வறண்ட பூமி என்பதால்தான் தண்ணீர் தேங்கும் இத்தனை கண்மாய்கள். அவைதான் நம் ஈரநிலம். வருஷம் முழுக்க ஓடும் ஆறு நமக்குக் கிடையாது. தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல்தான். வருஷத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்கவில்லை என்றால் தை மாதத்துக்கு மேல் குடிக்கவும் இருக்காது.

அதற்காகத்தான் குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், கோயிலுக்குக் குளம் என்று தனித்தனியாக வெட்டி வைத்தார்கள். நகரத்தார் வீட்டு வளவையே (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) பாருங்கள். நாலு பக்க ஓட்டுக் கூரையின் மழைத்தண்ணீரும் முற்றத்தில் விழும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வீதி வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீட்டின் தண்ணீர் எந்த ஊருணிக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

சட்டப்படி கண்மாய் ஈரநிலமா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகள் நல்ல விதிகள்தான். அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது, அதில் தொழிற்சாலை கட்டக்கூடாது, குப்பையோ சுத்திகரிக்காத கழிவோ விடக்கூடாது என்கின்றன. கடந்த பத்து வருஷத்தில் வெள்ளம் ஏறிய சராசரி உயரத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் கூடாது.

ஆனால் அதே விதிகளில் ஈரநிலம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் சிலவற்றை விலக்கிவிட்டார்கள்: ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காக மனிதர் வெட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகக் கட்டிய அமைப்பு. குடிநீருக்காக வெட்டியது நம் ஊருணி. பாசனத்துக்காகக் கட்டியது நம் கண்மாய். இரண்டுமே வெளியே நிற்கின்றன. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சர் உடன்படிக்கை செயற்கை நீர்நிலையையும் ஈரநிலம் என்றுதான் கொள்கிறது. பறவைக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் யார் வெட்டினார்கள் என்ற வித்தியாசம் தெரியாது. நம் விதிகளுக்கு அது தெரிகிறது.

உச்ச நீதிமன்றம் 2017-ல், செயற்கைக்கோள் படத்தை வைத்து அடையாளம் கண்ட 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களை முந்தைய 2010-ஆம் வருஷத்து விதிகளின் கொள்கைப்படி காக்கச் சொன்னது. அது ஒரு பிடிமானம். ஆனாலும் நம் ஊர்க் கண்மாய்க்கு நடைமுறையில் உதவுவது மாநிலச் சட்டங்களும் வருவாய்த் துறைப் பதிவுகளும்தான். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித் துறையின் கீழ், அதாவது இன்றைய நீர்வளத் துறையின் கீழ் இருக்கும் கண்மாய்களுக்குப் பொருந்தும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அந்தத் துறையிடமும், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது வழக்கம். செட்டிநாட்டில் சின்னக் கண்மாய்களே அதிகம். அவை அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் துணை. ஆகவே உங்கள் ஊர்க் கண்மாய் யார் கையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மனுவை எந்த ஆபீசுக்குக் கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

கண்மாயைத்தான் யாரும் தொடவில்லையே, பக்கத்து நிலத்தில்தானே கட்டுகிறார்கள்?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. ஏனென்றால் எங்கள் ஊரில் நாங்களும் இப்படித்தான் நினைத்தோம்.

கண்மாய் என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். மேட்டில் மழை விழும் நீர்ப்பிடிப்பு நிலம், அங்கிருந்து தண்ணீரைக் கூட்டி வரும் வரத்துக்கால் (புதுக்கோட்டைப் பக்கம் வரத்து வாரி என்பார்கள்), தண்ணீர் பரவி நிற்கும் உள்வாய், கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை, நிரம்பினால் வழியும் கலுங்கு, கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும் மறுகால், மடைக்குக் கீழே ஆயக்கட்டு என எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. ஒன்றில் கை வைத்தால் அதற்குக் கீழே வரிசையாக எல்லாக் கண்மாயும் காயும்.

ஒரு வருஷம் நல்ல மழை. பக்கத்து ஊர்க் கண்மாய் கலுங்கு தாண்டி மறுகால் பாய்கிறது. எங்கள் கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. என்ன ஏது என்று நாலைந்து பேர் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தோம். இரண்டு கிலோமீட்டர் போனதும் வாய்க்காலைக் காணோம். புதிதாக மனை போட்டிருந்தார்கள். கிராவல் அடித்து மேடாக்கி, ரோட்டுக்கு அடியில் ஓர் அடி அகலக் குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். பன்னிரண்டு அடி அகலம் ஓடிய வாய்க்கால் அந்தக் குழாய்க்குள் எப்படிப் போகும்? தண்ணீர் திரும்பிப் பக்கத்துக் காலனிக்குள் ஏறியிருந்தது. அந்த மழையில் காலனிக்காரர்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், எங்கள் வயலில் வெடிப்பு. கண்மாயை யாரும் தொடவில்லைதான். மனுக் கொடுத்து, அளந்து, அந்த இடத்தில் பாலம் வைக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் வயலை விற்றுவிட்டார்கள்.

நகரத் திட்ட வரைபடத்தில் கண்மாய் நீல நிறத்தில் இருக்கும். வரத்துக்கால் பல இடங்களில் ஒரு மெல்லிய கோடுகூட இருக்காது. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: நீலத்தைக் காப்பாற்றிவிட்டுக் கோட்டை அழித்தால் கண்மாய் செத்ததுபோலத்தான்.

அப்படியானால் தொழிற்சாலையே வரக்கூடாது என்கிறீர்களா?

இல்லை. எங்கள் ஊரில் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வரவைத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அந்த நிலையமும் கல்லூரிகளும் இல்லாத காரைக்குடியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புதுவயலில் ரைஸ் மில், ஆத்தங்குடியில் டைல்ஸ், மானாமதுரையில் சிப்காட் என்று நம் சீமையில் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் வர வேண்டும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு ஊரை விட்டுப் போகும் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே போய்வர ஒரு வேலை கிடைத்தால் அதைவிட நல்லது என்ன?

எந்த இடத்தில், எந்த மாதிரி என்பதுதான் என் கேள்வி.

எந்த இடத்தில் வரலாம், எந்த இடத்தில் கூடாது?

உள்வாய், வரத்துக்கால், மறுகால், ஓடை என்ற நான்கிலும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டக்கூடாது. இதில் பேரம் கிடையாது. நல்ல நஞ்சை ஆயக்கட்டையும் விட்டுவிட வேண்டும். அது போனால் அடுத்த பத்து வருஷத்தில் "பாசனமே இல்லாத கண்மாய் எதற்கு" என்று கேட்பார்கள்.

மிச்சம் இருப்பது மேட்டு நிலம். பொட்டல், தரிசு, செம்மண் மேடு. அங்கே கட்டலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த மேடுதான் கண்மாயின் நீர்ப்பிடிப்பு. காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரும் எங்கோ மேட்டில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கியதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர். நூறு ஏக்கர் வளாகத்தில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் 4 கோடி லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிகளில் ஏற்றினால் மூவாயிரம் லாரிக்கு மேல். மண் தரையாக இருந்தபோது அதில் ஒரு பங்கு இறங்கும், ஒரு பங்கு மெதுவாக வாய்க்காலுக்கு வரும். கூரையும் தார் ரோடும் ஆனபிறகு கிட்டத்தட்ட எல்லாமே ஒரே நேரத்தில் வெளியே பாயும்.

இதைக் கேட்டதும் பயப்படத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கண்மாய்க்கு வேண்டியதே தண்ணீர்தானே. கூரையில் விழும் மழை சுத்தமான தண்ணீர். வளாகத்துக்குள்ளேயே ஒரு குளம் வெட்டி, அதில் தேக்கி, வண்டல் படியவிட்டு, பழைய வரத்துக்காலிலேயே திறந்துவிட்டால் கண்மாய் முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பக்கூட வாய்ப்பு இருக்கிறது. நம் வீட்டு வளவு செய்தது இதைத்தானே? கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு, முற்றத்துத் தண்ணீர் ஊருணிக்கு. வளாகம் கட்டுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான். மழைநீர் வாய்க்காலும் கழிவுநீர்க் குழாயும் ஒருபோதும் சேரக்கூடாது. சுற்றுச்சுவர் எழுப்பினால் வாய்க்கால் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அதன் முழு அகலத்துக்குத் திறப்பு வேண்டும். குழாய் கூடாது, பாலம் வேண்டும். எங்கள் ஊர் அனுபவத்தில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரைஸ் மில் நம் ஊர்த் தொழில்தானே, அதனால் கண்மாய்க்கு என்ன கெடுதல்?

புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைக்கிறார்கள். ஒரு டன் நெல்லுக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊறவைத்து இறுத்த தண்ணீரில் மாவுச்சத்தும் உமியின் சாறும் கரைந்திருக்கும். விஷம் இல்லைதான், ஆனால் அது கண்மாயில் சேர்ந்தால் அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்ளும். மீன் மிதக்கும், தண்ணீர் கறுக்கும், கரையில் நிற்க முடியாத நாற்றம். கூடவே பாய்லர் சாம்பல் பறந்து வந்து படியும்.

ஒவ்வொரு சின்ன மில்காரரும் தனியாகச் சுத்திகரிப்பு வைக்கச் செலவு கட்டுபடியாகாது என்பது உண்மை. அவர்களை வில்லனாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை, அந்த மில்களில் வேலை பார்ப்பவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். மில்கள் நெருக்கமாக இருக்கும் ஊரில் அவர்கள் எல்லாரும் பங்கு போட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அதற்கு இடம் ஒதுக்குவது நகரத் திட்டத்தின் வேலை. தொழிலுக்கு இடம் குறிக்கும்போதே அதன் கழிவுக்கும் இடம் குறிக்காவிட்டால், கழிவு தானாகவே பள்ளத்தைத் தேடிப்போகும். பள்ளத்தில் இருப்பது கண்மாய்.

இந்தக் கண்மாயை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் அதே அளவு வெட்டித் தருகிறோம் என்றால் சம்மதிக்கலாமா?

இது இனி அடிக்கடி வரப்போகும் கேள்வி. 2023-ல் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் நிறைவேறியது, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 247 ஏக்கருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு இது. திட்ட நிலத்துக்குள் அரசுக்குச் சொந்தமான நீர்நிலை, ஓடை, வாய்க்கால் இருந்தால், அந்த நிலத்தையும் திட்டத்தோடு ஒருங்கிணைத்து நிலப் பரிமாற்றம் செய்ய இது வழி செய்கிறது. நிபுணர் குழு பார்த்து, வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. விவசாய சங்கங்கள் பலவும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதை எதிர்த்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

காரணம் எளிது. நம் முன்னோர் கண்மாய் வெட்டிய இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று பக்கம் சரிவு வந்து சேரும் இடத்தில், நாலாவது பக்கம் மட்டும் கரை போட்டார்கள். அந்தச் சரிவை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. வேறு இடத்தில் பத்து ஏக்கர் பள்ளம் வெட்டலாம். அதற்கு வரத்து எங்கே? மறுகால் எங்கே போகும்? அதன் மடைக்குக் கீழே யார் வயல்? கொள்ளளவு கணக்கில் சரியாக இருந்தும் ஒரு சொட்டு வராத பள்ளம் யாருக்கு?

அப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால் பரப்பளவைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். புதிய கண்மாய்க்கு நீர்ப்பிடிப்பு எத்தனை ஏக்கர், வரத்துக்கால் எந்தெந்தப் புல எண் (சர்வே நம்பர்) வழியாக வருகிறது, கீழே இருக்கும் கண்மாய்களுக்கு இனி தண்ணீர் எப்படிப் போகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

பத்து வருஷமாகத் தண்ணீரே வராத கண்மாய். அதையும் விட்டு வைக்கணுமா?

ஏன் வரவில்லை என்று பார்த்தீர்களா? மேட்டில் தைலமரக் காடு போட்டு, மழைத்தண்ணீர் வெளியே போகாமல் சுற்றி வரப்பு கட்டியிருப்பார்கள். அல்லது வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கும். அல்லது எங்கள் ஊர்போல ஒரு குழாய். தண்ணீர் வராததற்கான காரணம் பெரும்பாலும் கண்மாய்க்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்று. இந்த மண்ணில் கண்மாய் வருஷம் முழுக்க நிறைந்திருப்பது எப்போதுமே வழக்கம் இல்லை. நிரம்புவதும் வற்றுவதும் அதன் இயல்பு. வற்றும் நேரத்தில்தான் ஊர் கூடி ஊத்தாக் கூடையோடு இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துகிறோம், வண்டல் அள்ளுகிறோம், ஆடு மாடு மேய்கிறது. காய்ந்து கிடக்கிறது என்பதால் அது தரிசு ஆகிவிடாது.

மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அதில் நாம் எப்போது பேச முடியும்?

1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஊருக்கு முழுமைத் திட்டம் போடுகிறார்கள். எது குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம் என்று புல எண் வாரியாக நிறம் பூசுவார்கள். வரைவு வெளியானதும் ஆட்சேபம், ஆலோசனை கேட்டு அறிவிப்பு வரும். அந்த நாட்கள்தான் நமக்கு. நிறம் பூசி முடித்து அரசு ஒப்புதல் ஆனபிறகு "இது எங்கள் வரத்துக்கால்" என்று சொன்னால், நிலப் பயன்பாட்டு மாற்றம், வழக்கு என்று நீண்டுவிடும்.

மனுவில் பொதுவாக "நீர்நிலைகளைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், எதுவும் மாறாது. "இந்தக் கிராமம், இந்தப் புல எண், இத்தனை மீட்டர் அகல வாய்க்கால், வரைவில் தொழில் பகுதி என்று காட்டப்பட்டிருக்கிறது, நீர்வழி என்று திருத்தவும்" என்று எழுத வேண்டும். புலப்படத்தின் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) நகலையும் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்போது எடுத்த போட்டோவையும் இணைக்க வேண்டும்.

பெரிய தொழிற்பேட்டைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டால் 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு வாய்ப்பு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், கலெக்டரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை வகிப்பார். அங்கே சத்தம் போடுவதைவிட எழுதிக் கொடுப்பது நிற்கும்.

ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் கண்மாய்க்கு என்ன வித்தியாசம்?

கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் காரைக்குடியோடு சேர்ந்திருக்கின்றன. ஊராட்சியாக இருக்கும்வரை வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சி ஆனபிறகு கிராம சபை கிடையாது. வார்டு குழு, பகுதி சபை உண்டு, ஆனால் நம் ஆட்கள் அதற்கு இன்னும் பழகவில்லை. ஊராட்சியாக இருக்கும்போதே கண்மாய், ஊருணி, வரத்துக்கால் எல்லாவற்றையும் புல எண்ணோடு பட்டியலிட்டுத் தீர்மானம் போட்டு வைத்துவிடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அதற்குப் பொருத்தமான நாள்.

இன்னொரு மாற்றம் மெதுவாக வரும். ஆயக்கட்டு குறையக் குறைய மடை திறக்க ஆள் இருக்காது, கரை பார்க்க ஆள் இருக்காது. கண்மாய் ஊரின் சாக்கடைப் பள்ளம் ஆகிவிடும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அப்படித்தான் சுருங்கியது. குப்பைக் கிடங்கும் ரோடும் கம்பெனிகளும் மாறி மாறி எடுத்துக்கொண்டன. 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தும், போனது போனதுதான்.

அரசாங்கமே கண்மாயில் கட்டடம் கட்டியிருக்கிறதே?

உண்மை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் வளாகமே உலகனேரிக் கண்மாய்ப் பகுதிதான். பல ஊரில் பஸ் ஸ்டாண்டும் தாலுகா ஆபீசும் அப்படி. பழைய தவறு புதிய தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலத்தையும் குளங்களையும் மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதை மனுவில் எழுதலாம்.

உள்வாயில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை என்ன செய்வது?

எனக்கு இன்னும் மனதை அறுக்கும் கேள்வி. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்தால் முதல் நாள் ஜேசிபி போய் நிற்பது குடிசை முன்னால்தான். வரத்துக்காலை மறித்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய இடத்துக்குத் தடை உத்தரவு வாங்க வக்கீல் இருக்கிறார். அதனால் மாற்று இடம் கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும் தூரத்தில் வைத்த பிறகுதான் அவர்களை நகர்த்த வேண்டும். நீர்வழியை மறித்த சுவரை முதலில் எடுக்கட்டும், ஏனென்றால் தண்ணீர் வரவே அதுதான் தடை. வரிசை இப்படி இருந்தால் குடிசைக்காரர்களே ஒத்துழைப்பார்கள். மழை வந்தால் தண்ணீரில் நிற்பது அவர்கள்தானே.

நான் வாங்கப்போகும் மனையோ, கம்பெனிக்கான இடமோ நீர்வழியில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருவாய்த் துறை இணையதளத்தில் புல எண் போட்டால் அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) புலப்படமும் கிடைக்கும். அதில் ஓடை, வாய்க்கால், கண்மாய், நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் விலகிவிடுங்கள். சுற்றியுள்ள புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள், வாய்க்கால் உங்கள் எண்ணுக்கு முன்னால் வந்து நின்று, உங்கள் எண் தாண்டி மறுபடி தொடங்கினால், நடுவில் அது எங்கே போனது?

1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவில் பல இடங்களில் தவறு நேர்ந்திருக்கிறது. அதனால் அதற்கு முந்தைய நிலப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி ஆகிவிடாதீர்கள். இடத்தை ஐப்பசியில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். அப்புறம், அந்த ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

பறவைக்காகத் தொழிலை நிறுத்துவதா என்று கேட்கிறார்களே?

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். கூடு கட்ட வரும் பறவை பயந்துவிடக்கூடாது என்று அங்கே மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்க்கரையில் ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகளுக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் நாலு பேர்தான் இருக்கிறோம். இந்த வருஷம் எதிலிருந்து தொடங்குவது?

புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கலுங்கிலிருந்து தொடங்கி வரத்துக்காலில் மேல்நோக்கி நடங்கள். ஊரில் முன்பு மடை பார்த்த குடும்பத்தில் ஒரு பெரியவர் இருந்தால் அவரையும் டிவிஎஸ் ஐம்பதில் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள். வாய்க்காலின் அகலத்தை நூறு அடிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். மறித்த இடம், குழாய் புதைத்த இடம், குப்பை கொட்டிய இடம் ஒவ்வொன்றையும் போனில் இட அடையாளத்தோடு படம் எடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானம் வாங்குங்கள். ஒரு நகல் ஒன்றிய அலுவலகத்துக்கோ நீர்வளத் துறைக்கோ, ஒரு நகல் தாசில்தாருக்கு, ஒரு நகல் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு, ஒன்று கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில். ரசீது வாங்காமல் வராதீர்கள். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக நேர்ந்தால் அந்த ரசீதுதான் பேசும்.

எங்கள் ஊரில் அந்த முதல் நடையில் நாங்கள் ஐந்து பேர். பாலம் வைத்த வருஷம் வரத்துக்காலில் தண்ணீர் வந்தபோது, அதைப் பார்க்கக் கரையில் ஊரே நின்றது.